மருத்துவப் படிப்புக்குத் தயாராவது எப்படி? முடிவெடுப்பதிலிருந்து முதல் பருவத் தேர்வு வரை

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நுழைவுத் தேர்வில் தடுமாறுகிறவர்களிடமும், இடம் கிடைத்து உள்ளே போன பின் முதலாண்டில் திணறுகிறவர்களிடமும் புத்தகங்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. படித்ததைப் புத்தகம் மூடியிருக்கும்போது நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பழக்கம்தான் வளர்ந்திருக்காது. நுழைவுத் தேர்வு சோதிப்பது அதைத்தான். கல்லூரியின் வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவதும், பின்னாளில் நள்ளிரவில் ஒரு நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது தேவைப்படுவதும் அதுதான். இங்கே சொல்லும் எட்டுப் படிகளையும் பின்பற்ற நேரமில்லை என்றால் நான்காம் படியை மட்டுமாவது விடாமல் பின்பற்றுங்கள்.

பாதை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நீட் எழுதி நேரடியாக மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். பிரிட்டனிலும் பள்ளி முடித்தவர்கள் நேரடியாகச் சேரலாம்; அங்கே படிப்பு 5 அல்லது 6 ஆண்டுகள், நேர்முகமும் உண்டு. அமெரிக்காவில் முதலில் ஓர் இளநிலைப் பட்டம், அப்புறம் எம்கேட் தேர்வு, அதன்பின் 4 ஆண்டு மருத்துவக் கல்லூரி. எந்த வழியாகப் போனாலும் படிக்கப்போவது ஒரே மனித உடலைத்தான் என்பதால், இங்கே சொல்வது எல்லாருக்கும் பொருந்தும்.

முதல் படி: வேலையை அருகில் போய்ப் பாருங்கள்

டாக்டராக வேண்டும் என்ற ஆசை பலருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போனபோது வந்திருக்கலாம், பெற்றோர் சொல்லிச் சொல்லி ஊறியிருக்கலாம். எப்படி வந்தது என்பது பெரிய விஷயமில்லை. அந்த வேலையின் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பார்த்த பிறகும் ஆசை நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவருடைய புறநோயாளிகள் பிரிவில் சில நாட்கள் உட்கார்ந்து பாருங்கள். முதியோர் இல்லத்திலோ, வலி தணிப்புச் சிகிச்சை மையத்திலோ தன்னார்வலராகச் சேர்வது இன்னும் நல்லது. அறுவை சிகிச்சை அறையைப் பார்க்கத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஆனால் மருத்துவரின் நேரம் பெரும்பாலும் பேசுவதிலும், கேட்பதிலும், எழுதுவதிலும் போகிறது. ஒரே கேள்விக்கு முப்பதாவது நபரிடமும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செவிலியர்களுடன் அவர் எப்படிப் பேசுகிறார், கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அங்கே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. படமும் எடுக்கக் கூடாது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது கல்லூரியில் சேர்ந்த பிறகு தொடங்கும் கடமை இல்லை, அந்த அறைக்குள் கால் வைத்த நிமிடமே தொடங்கிவிடுகிறது.

மருத்துவர்களிடம் "இந்தத் துறை நல்லதா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "நேற்று காலை எழுந்தது முதல் படுக்கப் போகும் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். இளம் மருத்துவர் ஒருவரிடமும், இருபது வருடம் பார்த்தவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவில் உங்கள் எதிர்காலம் ஓரளவு தெரியும். அடிப்படைப் பட்டத்தோடு பயிற்சி முடிவதில்லை. சிறப்புத் துறைக்கு மேலும் பல ஆண்டுகள் ஆகும். இதை வீட்டாரும் தெரிந்துகொண்டு சம்மதிப்பது நல்லது.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, எனக்கு இது சரிப்படாதோ என்று பலர் கவலைப்படுகிறார்கள். ரத்தத்தைக் கண்டதும் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதால் வருவது அந்த மயக்கம். பழகப் பழகப் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். வியர்ப்பதும் கண் இருட்டுவதும் தொடங்கியதும் உட்கார்ந்துவிடுங்கள். கால், தொடை, கைத் தசைகளை 10, 15 விநாடி இறுக்கிப் பிடித்து, சற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். அழுத்தம் ஏறும். இந்த மயக்கத்துக்காகவே கற்றுக்கொடுக்கப்படும் முறை இது. இந்த ஒரு காரணத்துக்காகக் கனவைக் கைவிட வேண்டாம்.

இரண்டாம் படி: விதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

தகுதிப் பாடங்கள், வயது வரம்பு, விண்ணப்பத் தேதிகள், எத்தனை முறை எழுதலாம், என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பதையெல்லாம் அதிகாரபூர்வ அறிவிப்பிலிருந்து மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நண்பர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்பதை நம்பி விண்ணப்பத்தைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கல்லூரியை யோசிப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். "இந்தக் கல்லூரி அங்கீகரிக்கப்பட்டதா?" என்பது பாதிக் கேள்விதான். நீங்கள் பின்னாளில் எந்த நாட்டில் மருத்துவம் பார்க்க நினைக்கிறீர்களோ, அந்த நாட்டின் மருத்துவ ஆணையம் இந்தப் பட்டத்தை ஏற்குமா, அதற்குமேல் என்ன உரிமத் தேர்வு எழுத வேண்டும் என்று கேளுங்கள். உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் ஒன்று இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, வேர்ல்டு டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ் என்று பெயர். அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்பது முதல் சோதனை. ஆணையத்தின் விதியைப் படிப்பது இரண்டாவது. இடைத்தரகர் தரும் உறுதிமொழி இந்த இரண்டுக்கும் ஈடாகாது.

மூன்றாம் படி: அடிப்படை அறிவியலை உடலோடு சேர்த்துப் படியுங்கள்

உயிரியல் மட்டும்தான் மருத்துவத்துக்குத் தேவை, இயற்பியலும் வேதியியலும் நுழைவுத் தேர்வுக்கான சுமை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த எண்ணத்தோடு கல்லூரிக்குள் போகிறவர்களுக்கு உடலியங்கியல் பாடம் தொடங்கியதுமே மூச்சு முட்டும். காரணத்தைச் சில உதாரணங்களில் பார்க்கலாம்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் இணைக்கும் ஓம் விதி பள்ளியில் படித்ததுதான். ரத்த ஓட்டத்துக்கும் அதே வடிவம் பொருந்துகிறது: ரத்த அழுத்தம் என்பது இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவையும் ரத்தக் குழாய்களின் தடையையும் பெருக்கினால் வருவது. இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். இதைப் புரிந்துகொண்டவருக்கு ரத்த அழுத்த மாத்திரைகளில் சில இதயத் துடிப்பைக் குறைப்பதும், சில குழாய்களை விரிப்பதும், சில உடலில் உள்ள நீரைக் குறைப்பதும் ஏன் என்று தானாகவே விளங்கிவிடும். மருந்தியலில் ஓர் அத்தியாயத்தின் சுமை பாதியாகிவிடுகிறது.

குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது என்று பாய்சூய் விதி சொல்கிறது. அப்படியென்றால் மற்றவை மாறாதபோது ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் கொஞ்சம் சுருங்கினாலே ஏன் அவ்வளவு திணறல், வேகமாக ரத்தம் ஏற்ற ஏன் தடித்த ஊசியைத் தேடுகிறார்கள் என்பதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

வேதியியலில் பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் மடக்கை அளவு. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால் எண்ணில் சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். ஆனால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரண்டு மடங்காகியிருக்கும். தாங்கல் கரைசல்கள், சமநிலை, ஆக்சிஜனேற்றம் ஆகியவற்றைப் பள்ளியிலேயே நன்றாகப் படித்தவருக்கு உயிர்வேதியியல் பயமுறுத்தாது.

புள்ளியியலை யாருமே சொல்வதில்லை, நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பரிசோதனை, நோய் உள்ள 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்குத் தவறாக "இருக்கிறது" என்று காட்டும். இப்போது ஒருவருக்கு "இருக்கிறது" என்று முடிவு வந்திருக்கிறது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலர் 90 சதவீதம் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறாகக் காட்டும், உண்மையாகப் பிடிபட்டவர்கள் 9 பேர். மொத்தம் 108 பேரில் 9 பேர், அதாவது சுமார் 8 சதவீதம்தான். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட மருத்துவர், ஒரே ஒரு பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு ஆளைக் கலங்கடிக்க மாட்டார். நிகழ்தகவுப் பாடத்தைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு விதியையும் படித்ததும், "இது உடலில் எங்கே வருகிறது?" என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள். எல்லா விதிக்கும் பதில் கிடைக்காது, பரவாயில்லை.

நான்காம் படி: நினைவிலிருந்து எடுத்துப் பழகுங்கள்

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது, பிறகு வேகம் குறைகிறது என்று கண்டார். படித்த அன்றே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை என்று திரும்பிப் பார்க்கச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

எப்படித் திரும்பிப் பார்ப்பது என்பதற்கு, 2008-இல் சயின்ஸ் இதழில் ஜெஃப்ரி கார்பிக்கேவும் ஹென்றி ரோடிகரும் வெளியிட்ட ஆய்வு நல்ல விடை தருகிறது. மாணவர்களுக்குச் சுவாஹிலி மொழிச் சொற்களைப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதை மறுபடி மறுபடி தேர்வு வைத்துக் கேட்ட குழுவினர் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்ன சொற்களைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டு, படிக்க மட்டும் கொடுத்த குழுவினருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நினைவிருந்தது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். நமக்குத் தெரியும் என்ற உணர்வை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். புத்தகத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருப்பது, வரிகள் கண்ணுக்குப் பழகிவிட்டதால்தான்.

படிக்கும் முறைகள் பத்தை ஒப்பிட்டு 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரையிலும் இதே முடிவுதான். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கும் இடைவெளி விட்டுப் படிப்பதற்கும் உயர்ந்த இடம் கிடைத்தது. அடிக்கோடு இடுவதற்கும் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கும் தாழ்ந்த இடம்.

சரி, தினமும் என்ன செய்வது?

ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள், படம் வரையுங்கள், அம்புக்குறி போடுங்கள். திணறும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஓரிரு நிமிடம் தேடுங்கள். அந்தத் தேடல் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் மனத்தில் பதிவது அப்போதுதான். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த முறை சிவப்பில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். தேதிகளை நீங்கள் கணக்கு வைக்க வேண்டாம் என்றால் ஆன்கி போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் உள்ள ஃபிளாஷ் கார்டு எழுதுவதிலும் ஒரு நேர்த்தி உண்டு. "இதயம் பற்றி விளக்குக" என்பது கார்டே இல்லை. "மூவிதழ் வால்வு எந்த இரு அறைகளுக்கு நடுவே உள்ளது?" என்பது நல்ல கார்டு. "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனாக இருப்பது ஏன்?" என்பது அதைவிட நல்ல கார்டு, ஏனென்றால் அது காரணம் கேட்கிறது. மற்றவர்கள் செய்து வைத்த ஆயிரக்கணக்கான கார்டுகளை இறக்கிக்கொண்டு அவற்றுக்கு அடிமையாகிவிடாதீர்கள். நீங்களே எழுதும் கார்டில் பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

உதிரித் தகவல்களைக் கார்டு பார்த்துக்கொள்ளும். மருத்துவம் உண்மையில் காரணச் சங்கிலிகளால் ஆனது, அவற்றை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும். ஒரு கேள்வி எடுத்துக்கொள்வோம்: நிறைய ரத்தம் இழந்தவருக்கு நாடித் துடிப்பு ஏன் வேகமாகிறது, கை கால் ஏன் சில்லிடுகிறது? ரத்த அளவு குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறைந்து அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் ஒதுக்கப்படுகிறது. இந்த ஐந்தாறு கண்ணிகளில் எதைச் சொல்லும்போது நாக்கு தடுமாறுகிறதோ, அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. தம்பியோ தங்கையோ கேட்க உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அவர்கள் "ஏன்?" என்று கேட்கும் இடங்களைக் குறித்து வையுங்கள்.

பாடங்களைக் கலந்து படிப்பதும் உதவும். ஒரு வாரம் முழுக்க இயக்கவியல், அடுத்த வாரம் முழுக்கக் கரிம வேதியியல் என்று ஓட்டினால், எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் பழக்கமே வராது. தேர்வில் கேள்விகள் எந்த அத்தியாயம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நோயாளியும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: நுழைவுத் தேர்வு

நுழைவுத் தேர்வில் அறிவோடு நேரமும் சோதிக்கப்படுகிறது. நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள். எம்கேட்டில் இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஒன்று விரைவோட்டம், மற்றது நெடுந்தூர ஓட்டம். உங்கள் தேர்வு எந்த வகை என்று பார்த்து அதற்கேற்பப் பழகுங்கள். மாதிரித் தேர்வை உண்மையான தேர்வு நடக்கும் அதே நேரத்தில், அதே அளவு நேரம், எழுந்திருக்காமல் எழுதுங்கள்.

மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைவிட, அதைத் திருத்தும் நேரம் முக்கியம். மூன்று மணி நேரம் எழுதினால் குறைந்தது மூன்று மணி நேரம் திருத்துங்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: தெரியவே இல்லை; தெரியும், ஆனால் நினைவு வரவில்லை; தெரியும், ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்தேன். முதலாவதுக்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவதுக்குக் கார்டு. மூன்றாவதுக்குப் பாடம் படித்துப் பயனில்லை; "தவறானது எது", "பொருந்தாதது எது" போன்ற சொற்களைப் பேனாவால் வட்டமிடும் பழக்கம்தான் தீர்வு. மூன்றாம் கட்டம் நிரம்பி வழிகிறவர்கள் இன்னும் நாலு பயிற்சி நூல் வாங்கிக் குவிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நெகட்டிவ் மார்க் குறித்த பயத்தைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீட் முறையில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று நீக்கிவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதன் சராசரிப் பலன் கூட்டல் ஒன்றரை மதிப்பெண். ஒன்றை மட்டும் நீக்க முடிந்தாலும் சராசரி லாபம்தான். ஆகவே யோசித்து நீக்கிய பிறகு பயந்து விடாமல் குறியுங்கள். எம்கேட், பிரிட்டனின் நுழைவுத் தேர்வான யூகேட் இரண்டிலும் தவறுக்குக் கழிவே இல்லை. அங்கே ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக் கூடாது.

தேர்வுக்கு முந்தைய இரவுத் தூக்கத்தைவிட, அதற்கு முந்தைய பல வாரங்களின் தூக்கம் பெரிது. அன்றன்று படித்தது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. ஏழு மணி நேரத்துக்குக் குறையாதீர்கள். இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதை உழைப்பின் அடையாளமாகச் சொல்லும் வீடுகளில், இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் கிடைக்காமல் போகலாம். நன்றாகப் படித்த பலருக்கும் முதல் முறை கிடைப்பதில்லை. அடுத்த ஆண்டும் எழுதுவதா என்று முடிவெடுக்கும் முன், இந்த ஆண்டின் தவறுகள் எந்தக் கட்டத்தில் அதிகம் என்று பாருங்கள். முறையை மாற்ற முடியும் என்றால் இன்னோர் ஆண்டு பொருளுள்ளது. அதே பயிற்சி, அதே அட்டவணை என்றால் முடிவும் பெரிதாக மாறாது. செவிலியர் பணி, இயன்முறை மருத்துவம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் எல்லாமே நோயாளிக்கு நேரடியாக உதவும் துறைகள்தான். அவற்றை இரண்டாம் தரமாகப் பேசும் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: நேர்முகம் உள்ளவர்களுக்கு

நேர்முகம் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். 2004-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புது முறையை எழுதி வெளியிட்டார்கள். ஒரே நீண்ட நேர்முகத்துக்குப் பதிலாக, சில நிமிடங்கள் நீடிக்கும் பல சிறிய நிலையங்களில் மாணவர் மாறி மாறிப் பேச வேண்டும். இன்று பல நாடுகளில் இதுதான் வழக்கம். ஒரு நிலையத்தில் சொதப்பினாலும் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம் என்பது மாணவருக்குச் சாதகம்.

அறநெறிக் கேள்விகள் கட்டாயம் வரும். நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாமலிருப்பது, எல்லாருக்கும் நியாயமாக நடப்பது என்ற நான்கு கொள்கைகளையும் வைத்து யோசிக்கப் பழகுங்கள். "ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் நோயாளியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், உடனே முடிவைச் சொல்லாமல், அவர் மறுக்கக் காரணம் என்ன, விளைவுகளைப் புரிந்துகொண்டாரா, முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா, வேறு சிகிச்சை உண்டா என்று வரிசையாகப் பேசுங்கள். மனப்பாடம் செய்த பதில் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். "ஏன் மருத்துவம்?" என்ற கேள்விக்கு, முதல் படியில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: இடம் கிடைத்த பிறகு, வகுப்பு தொடங்கும் முன்

இந்த இடைவெளியில் தடித்த அனாடமி (உடற்கூறியல்) நூலை வாங்கி முன்கூட்டியே படிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. என் கருத்தில் அது தேவையில்லை. உடலும் வகுப்பும் கண்முன் இல்லாமல் படித்த தசைப் பெயர்கள் கல்லூரி தொடங்குமுன் போய்விடும்.

அதற்குப் பதிலாகத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. வார்டுக்குப் போகும் முன் முடிய வேண்டும் என்றால் இப்போதே தொடங்க வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு வந்திருக்கிறதா என்று பரிசோதிப்பதும் அவசியம், ஏனென்றால் சிலருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பு உருவாவதில்லை. தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளையும் மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை யாராவது நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

பயன்படும் இன்னொரு சிறு வேலை, மருத்துவச் சொற்களின் துண்டுகளைத் தெரிந்துகொள்வது. ஹெபட் என்றால் கல்லீரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், ஐடிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி அகற்றுவது. நூறு துண்டுகள் தெரிந்தால் முதல்முறை கேட்கும் சொல்லும் மிரட்டாது. மற்றபடி தனியாகத் துணி துவைக்க, சமைக்க, மாதச் செலவை எழுதி வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீந்துவதோ ஓடுவதோ, ஒரு வாத்தியமோ, எதையாவது விடாமல் வைத்திருங்கள்.

எட்டாம் படி: முதல் பருவம்

பாடத்தின் அளவுதான் முதல் அதிர்ச்சி. உடலில் 206 எலும்புகள். ஒவ்வொன்றிலும் மேடுகள், பள்ளங்கள், துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஏதோ ஒரு நரம்போ குழாயோ போகிறது. பள்ளியில் செய்ததுபோல எல்லாவற்றையும் வரிக்கு வரி படித்து முடித்துவிட முடியாது. இதை முதல் மாதத்திலேயே ஏற்றுக்கொள்கிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். வகுப்புக்கு முன் தலைப்புகளையும் படங்களையும் பத்து நிமிடம் புரட்டுங்கள். வகுப்பில் எல்லாவற்றையும் எழுதாமல் கேளுங்கள். அன்று மாலையே வெற்றுத் தாள். மூன்று நான்கு பேர் சேர்ந்து கையில் எலும்பை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேள்வி கேளுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அனாடமியை வாசித்துப் படிப்பதைவிட வரைந்து படிப்பது நிலைக்கும், உங்கள் படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

டிசெக்‌ஷன் அறைக்கு, அதாவது இறந்தவரின் உடலை அறுத்துப் படிக்கும் இடத்துக்கு, போகும் முதல் நாளை நினைத்துப் பலர் தூக்கம் தொலைக்கிறார்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், எனவே கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். தலை சுற்றினால் வெளியே வந்து உட்காருங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. மேசையில் இருப்பவர் ஒரு மனிதர். பலர் தாங்களே விரும்பி உடல்தானம் செய்தவர்கள். அங்கே கேலிப் பேச்சு எழுந்தால் அதில் சேராதீர்கள். கலங்கினால் கலங்கட்டும், அன்று மாலை ஒரு நண்பரிடம் பேசுங்கள்.

மனநலத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை, மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகச் சொன்னது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் நீங்கள் பலவீனமானவர் என்று பொருளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியின் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ உடனே பாருங்கள். அறைத்தோழர் வகுப்புக்கு வராமல் படுத்தே கிடந்தால், அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறையலாம். பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்தவர்கள் ஒரே வகுப்பில் கூடும்போது யாரோ நடுவிலும் கடைசியிலும் வந்துதான் ஆக வேண்டும். விடைத்தாள் கைக்கு வந்த அதே வாரத்தில், அதை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரிடம் போங்கள். "எனக்கு ஏன் குறைந்தது?" என்று கேட்காமல், "இந்தப் பதிலில் எந்த வரி இருந்திருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு தவறுகளைப் பழைய மூன்று கட்டங்களிலும் போட்டு, எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதோ அதிலிருந்து அடுத்த வார அட்டவணையை எழுதத் தொடங்குங்கள்.